எவ்வளவு குடுக்குது? - நம்ம ஊர் மைலேஜ் கதை

ஹைதராபாத்தில் யாராவது புதுக் கார் வாங்கினால், ஆபீசில் லட்டு டப்பா சுற்றி முடிவதற்குள் வந்துவிடும் கேள்வி, "எந்த இஸ்துந்தி?" ஹிந்திக்காரர் என்றால் "கித்னா தேத்தி ஹை?" நம்மாள் என்றால் "எவ்வளவு குடுக்குது?" மூன்று மொழியிலும் வினைச்சொல் ஒன்றுதான் பாருங்கள், "கொடுப்பது". மாடு வாங்கியவரிடம் எத்தனை படி கறக்கும் என்று கேட்கிற மாதிரியே காரையும் கேட்கிறோம். 2010-ஐ ஒட்டி மாருதி கம்பெனி இந்தக் கேள்வியையே விளம்பரமாக்கிக் காசு பார்த்தது.

மாட்டு உவமை சும்மா சொல்லவில்லை. பால் எவ்வளவு என்பது இனம், தீவனம், கறக்கிற கை மூன்றையும் பொறுத்தது. மைலேஜும் அப்படித்தான். வண்டியின் இனம் கம்பெனி கையில், தீவனம் அரசாங்கத்தின் கையில், ஓட்டுகிற கை மட்டும் நம்முடையது. கடந்த ஐம்பது வருஷக் கதையைப் பார்த்தால் இது நன்றாகப் புரியும்.

மாட்டு வண்டியில் வந்த எம்.பி.

1970-களின் தொடக்கம் வரை நம் நாட்டில் கார் என்றால் மூன்றே பெயர்கள். அம்பாசடர், ஃபியட், நம் சென்னையின் ஸ்டாண்டர்ட். பணம் கட்டிவிட்டு வருஷக்கணக்கில் காத்திருக்க வேண்டும். "எப்போ வரும்?" என்பதுதான் அன்றைய கேள்வி, "எவ்வளவு கொடுக்கும்?" என்பது இல்லை. அம்பாசடர் லிட்டருக்குப் பத்து கிலோமீட்டரைத் தொட்டால் பெரிய விஷயம்.

1973 அக்டோபரில் அரபு நாடுகள் எண்ணெய்யை நிறுத்தின. சில மாதங்களில் கச்சா எண்ணெய் விலை ஏறக்குறைய நாலு மடங்கு ஆனது. இங்கேயும் பெட்ரோல் விலை எகிறியது. அதை எதிர்த்து அந்த நவம்பரில் வாஜ்பாய் மாட்டு வண்டியில் நாடாளுமன்றம் போனார். அமெரிக்காவில் நிக்சன் 1974 ஜனவரியில் நெடுஞ்சாலை வேகத்தை மணிக்கு 55 மைலாகக் குறைக்கச் சட்டம் போட்டார். பெட்ரோலை மிச்சம் பிடிக்கச் சொல்லிக்கொடுக்க நம் அரசும் தனி அமைப்பு தொடங்கியது. அதுதான் 1978 முதல் பி.சி.ஆர்.ஏ. என்ற பெயரில் இயங்குகிறது. டயரில் காற்று பார், கிளட்சில் கால் வைக்காதே என்று பங்க் சுவரில் பார்த்திருப்பீர்களே, அவர்கள்தான்.

650 கிலோ அதிசயம்

1983 டிசம்பரில் மாருதி 800 வந்தது. 796 சி.சி., மூன்று சிலிண்டர், எடை சுமார் 650 கிலோ. அம்பாசடரோ ஒரு டன்னுக்கு மேல். ரகசியம் இந்த எடையில்தான். சிக்னலில் ஒவ்வொரு முறை கிளம்பும்போதும் அத்தனை எடையையும் பெட்ரோல் தள்ள வேண்டும். அடுத்த சிக்னலில் பிரேக் பிடித்தால் தள்ளிய சக்தியெல்லாம் சூடாகி வீண். எடை பாதியானால் இந்த நஷ்டமும் பாதி. மாதச் சம்பளக்காரன் கார் வாங்க முடியும் என்று ஆனதற்கு விலை பாதிக் காரணம், வாங்கிய பிறகு ஓட்டக் கட்டுப்படியானது மீதிக் காரணம்.

இதே காலத்தில் நம் வண்டலூர் ஸ்டாண்டர்ட் கம்பெனி செய்ததைப் பாருங்கள். 1985-ல் ஸ்டாண்டர்ட் 2000 என்று ஒரு கார். உடம்பு இங்கிலாந்தின் ரோவர், பார்க்க ராஜா மாதிரி இருக்கும். உள்ளே இருந்ததோ பழைய வான்கார்ட் காலத்து 2 லிட்டர் என்ஜின். கனமான உடம்பு, கிழட்டு என்ஜின், பெட்ரோலைக் குடித்தது. மூன்று வருஷத்துக்குள் கதை முடிந்தது, 1949-லிருந்து ஓடிய கம்பெனியும் 1988-ல் முடங்கியது. நாடு எண்ணிப் பார்த்து பெட்ரோல் போட ஆரம்பித்துவிட்டது என்பதை அவர்கள் கணக்கில் எடுக்கவில்லை.

மாருதி 800-க்கும் முடிவு வந்தது. 2010 ஏப்ரலில் பாரத் ஸ்டேஜ் 4 விதி வந்தபோது, ஹைதராபாத், சென்னை உட்பட 13 நகரங்களில் விற்பனையை நிறுத்தினார்கள். 2014 ஜனவரியில் தயாரிப்பே நின்றது. அதற்குள் 25 லட்சத்துக்கும் மேல் விற்றிருந்தது. 2017 முதல் ஒவ்வொரு கம்பெனியும் விற்கும் கார்களின் சராசரி எரிபொருள் செலவுக்கும் சட்டப்படி வரம்பு உண்டு. இனம் ஓரளவு நல்ல இனமாகிவிட்டது.

தீவனம் மாறிய கதை

விலை விஷயம் வேகமாகச் சொல்லிவிடுகிறேன். 2010 ஜூனில் பெட்ரோல் விலைக் கட்டுப்பாட்டை அரசு விட்டது. 2017 ஜூன் 16 முதல் நாடு முழுக்கத் தினசரி விலை. 2024 மார்ச்சில் 2 ரூபாய் குறைத்த பிறகு சென்னையில் லிட்டர் 101 ரூபாய்க்குள் இருந்தது, இங்கே ரூ.107.41. வித்தியாசம் பெரும்பாலும் மாநில வரி. ஊர் விட்டு ஊர் வந்ததற்கு லிட்டருக்கு ஆறு ரூபாய்க்கு மேல் மொய் எழுதுகிறோம் :-)

அதைவிட முக்கியம், பெட்ரோலே மாறிவிட்டது. இப்போது பங்கில் கிடைப்பது 20 சதவீதம் எத்தனால் கலந்தது. எத்தனாலில் லிட்டருக்கு லிட்டர் சக்தி பெட்ரோலைவிட மூன்றில் ஒரு பங்கு குறைவு. இந்தக் கலப்புக்காக வடிவமைக்காத பழைய கார்களில் மைலேஜ் 6 முதல் 7 சதவீதம் குறையும் என்று நிதி ஆயோக்கின் 2021 அறிக்கையே சொல்கிறது. புது வண்டிகளில் 1 - 2 சதவீதம்தான்.

பேங்க்காரன் புத்தி, கணக்குப் போடாமல் விடாது. மாதம் 1,000 கி.மீ. ஓடும் பழைய கார், லிட்டருக்கு 15 கொடுத்தது என்று வையுங்கள். 6 சதவீதம் குறைந்தால் 14.1. மாதம் நாலேகால் லிட்டர் கூடுதல். ஹைதராபாத் விலையில் வருஷத்துக்கு ஏறக்குறைய 5,500 ரூபாய். நாலு பேர் குடும்பம் ஸ்லீப்பரில் சென்னைக்கு ஒரு தடவை போய்வரலாம். பொங்கலுக்குப் போவோமா வேண்டாமா என்று யோசிக்கிற வீட்டில் இது சின்னத் தொகை இல்லை.

கறக்கிற கை

போன 6 சதவீதத்தை நம் கையால் திருப்பி எடுக்க முடியுமா? பெரும்பாலும் முடியும்.

டயர்: அமெரிக்க அரசின் கணக்குப்படி, நாலு டயரிலும் ஒரு புள்ளி காற்று குறைந்தால் மைலேஜ் 0.2 சதவீதம் போகிறது. எட்டுப் புள்ளி குறைந்தால் ஒன்றரை சதவீதம் காலி. எவ்வளவு காற்று என்பது டிரைவர் கதவோரம் ஒட்டியிருக்கும். காலையில் டயர் சூடேறும் முன் பாருங்கள்.

சுமை: 45 கிலோ கூடினால் சுமார் 1 சதவீதம் நஷ்டம், சின்னக் காரில் இன்னும் அதிகம். டிக்கியில் மூட்டை கட்டி வைத்திருக்கும் பழைய பேப்பரை இன்றைக்கே கடையில் போடுங்கள்.

வேகம்: காற்றின் எதிர்ப்பு வேகத்தின் வர்க்கமாக ஏறும். 80-லிருந்து 100-க்குப் போனால் எதிர்ப்பு 56 சதவீதம் கூடுகிறது. அவுட்டர் ரிங் ரோடிலும் ஊருக்குப் போகிற நெடுஞ்சாலையிலும் மிச்சம் பிடிக்க முக்கியமான இடம் இதுதான். சென்னை சுமார் 630 கி.மீ. லிட்டருக்கு 15-க்குப் பதில் 18 வந்தால் ஒரு வழிக்கே 7 லிட்டர் மிச்சம்.

நியூட்ரல்: இது நம் அப்பாக்கள் சொல்லிக்கொடுத்த வித்தை. இறக்கத்தில் நியூட்ரலில் விட்டால் மிச்சம் என்பார்கள். கார்புரேட்டர் காலத்தில் அதற்கு ஓரளவு அர்த்தம் இருந்தது. 2000-ஐ ஒட்டி ஃப்யூயல் இன்ஜெக்ஷன் வந்த பிறகு கணக்கு தலைகீழ். கியரிலேயே வைத்து ஆக்சிலேட்டரிலிருந்து காலை எடுத்தால், கம்ப்யூட்டர் பெட்ரோலையே நிறுத்திவிடும். நியூட்ரலில் போட்டால் என்ஜின் அணையாமல் இருக்கப் பெட்ரோல் குடிக்கும், என்ஜின் பிரேக்கும் போச்சு. மலைப்பாதையில் ஆபத்து வேறு. காலையில் ஐந்து நிமிஷம் என்ஜினைச் சூடு பண்ணுவதும் அதே போல் காலாவதியான பழக்கம்.

கடைசியாக, அளக்கிற முறை. பங்கில் குழாய் தானாக நிற்கும் வரை ரொப்புங்கள், மீட்டரைக் குறித்துக்கொள்ளுங்கள். அடுத்த முறையும் அதே பங்கில் அதே மாதிரி ரொப்பி, ஓடிய தூரத்தை அன்று போட்ட லிட்டரால் வகுக்கவும். ஒரு தடவையை நம்ப வேண்டாம், மூன்று தடவையின் சராசரி எடுங்கள். கம்பெனி சொல்லும் எண் சோதனைக்கூட உருளையின் மேல் ஓட்டி எடுத்தது. அமீர்பேட்டை சாயங்காலம் அதில் இல்லை. அந்த எண்ணோடு சண்டை போடாமல், உங்கள் போன மாதக் கணக்கோடு இந்த மாதத்தை ஒப்பிடுங்கள்.

கொசுறு: மைல் போய் கிலோமீட்டர் வந்து அறுபது வருஷம் ஆச்சு. ஆனாலும் லிட்டருக்கு எத்தனை கிலோமீட்டர் என்பதை இன்னும் "மைலேஜ்" என்றுதான் சொல்கிறோம். இதை மட்டும் எந்த விதியாலும் மாற்ற முடியவில்லை :-)