சக்கரம் கழல்வதற்கு முன் பிரேக் திறக்க வேண்டும்

இத்தாலியின் வடகிழக்கில், ஃபெல்த்ரே நகருக்கு அருகிலுள்ள குரோச்சே தவுனே என்னும் மலைக்கணவாயில் துல்லியோ கம்பஞோலோவுக்கு ஒரு நினைவுச் சின்னம் உண்டு. மிதிவண்டி வரலாற்றை மேலோட்டமாக அறிந்தவர்களுக்கும் அதன் பின்னணிக் கதை தெரிந்திருக்கும். நவம்பர் மாதப் பந்தயம், பாதையெங்கும் பனி. இளம் பந்தய வீரரான கம்பஞோலோ பின்சக்கரத்தைக் கழற்ற இறங்குகிறார். அச்சின் இருபுறமும் சக்கரத்தை இறுக்கிப் பிடித்திருக்கும் விங் நட்டுகள் உறைந்து கிடக்கின்றன. விறைத்த விரல்களால் அவற்றைத் திருக முடியவில்லை. பந்தயம் கைநழுவுகிறது. அந்தத் தோல்வியிலிருந்தே, துளையிட்ட அச்சின் ஊடே ஒரு கம்பியைச் செலுத்தி, ஒரே நெம்புகோலின் அசைவில் சக்கரத்தை விடுவிக்கும் அமைப்பு பிறந்தது என்று கதை முடிகிறது. 1933இல் விசென்சா நகரில் அவர் தொடங்கிய நிறுவனம் இருபதாம் நூற்றாண்டின் பந்தய மிதிவண்டிக்கே இலக்கணம் வகுத்தது.

இக்கதையின் சான்றுகள் உறுதியானவை அல்ல. பந்தயம் நடந்தது 1924 என்று சிலரும் 1927 என்று சிலரும் எழுதுகின்றனர். சக்கரத்தைக் கழற்ற நேர்ந்தது பஞ்சரால் என்பது ஒரு வடிவம். மேட்டில் ஏறுவதற்கேற்ற பல்சக்கரம் முன்வரும்படி பின்சக்கரத்தைத் திருப்பிப் பூட்ட வேண்டியிருந்தது என்பது இன்னொரு வடிவம். நெம்புகோலுக்கு 1930ஆம் ஆண்டிலேயே காப்புரிமை பெறப்பட்டது என்று நெடுங்காலம் எழுதப்பட்டு வந்ததையும் அண்மைக்கால ஆய்வாளர்கள் கேள்விக்கு உட்படுத்தியுள்ளனர். எனினும், கதை உண்மையா என்பதைவிட, கதை எதைச் சொல்லாமல் விடுகிறது என்பதே இங்கு முதன்மையான கேள்வி. பொதுவாக வழங்கும் எந்த வடிவத்திலும் பிரேக் பேசப்படுவதில்லை. அச்சு விடுபட்டுவிட்டால் சக்கரம் வெளியே வந்துவிடும் என்று கதை நம்புகிறது. அது வந்துவிடுவதில்லை.

காரணம் எளிய வடிவியல். பந்தய மிதிவண்டியின் பிரேக் ரிம்மின் இரு பக்கங்களையும் கவ்விப் பிடிக்கிறது. பிடியின் அசைவு மனித விரல்களின் எட்டுதூரத்துக்குள் அடங்கியது. எனவே பிரேக் கட்டைகள் ரிம்மிலிருந்து ஏறத்தாழ 2 மில்லிமீட்டர் தொலைவில் நின்றால்தான், பிடி முழுதாக மடங்குமுன் அவை ரிம்மை அழுத்தும். பழைய ரிம்மின் அகலம் சுமார் 20 மில்லிமீட்டர் என்று கொண்டால், இரு கட்டைகளுக்கும் இடையிலுள்ள வாயில் 24 மில்லிமீட்டர். காற்றடைத்த டயரின் அகலமோ 23 முதல் 28 மில்லிமீட்டர் வரை. அச்சு எவ்வளவு விரைவாக விடுபட்டாலும், கொழுத்த டயர் கட்டைகளுக்கிடையே சிக்கி நிற்கும்.

பஞ்சரான டயரில் காற்றில்லை. அது நெளிந்து வெளியே வந்துவிடும். சிக்கல் உள்ளே போகும் சக்கரத்தில்தான். அதன் டயர் முழுக் காற்றுடன் இருக்கிறது. ஆகவே, வீரர் தன் தோளில் சுமந்துவரும் மாற்று டயரைச் சாலையோரத்தில் அமர்ந்து ஒட்டிக் காற்றடித்துக்கொள்ளும் காலம் வரை இது பெரிய தொல்லை அன்று. சக்கரத்தைப் பூட்டிய பின் காற்றடிக்கலாம். முழுச் சக்கரத்தையே கொண்டுவந்து மாட்டும் வழக்கம் வந்த பிறகே பிரேக்கின் வாயில் ஒரு தடையாக உருவெடுக்கிறது.

அவ்வழக்கம் எளிதில் வந்துவிடவில்லை. டூர் த ஃபிரான்ஸ் பந்தயத்தின் தொடக்கால விதிகள் வீரர் தன் வண்டியைத் தானே பழுதுபார்க்க வேண்டும் என்று வற்புறுத்தின. 1913இல் முன்கவை முறிந்த எஜேன் கிறிஸ்தோஃப், வண்டியைத் தோளில் சுமந்து மலையிறங்கி, சேந்த்-மரி-த-காம்பான் ஊரின் கொல்லன் உலையில் தன் கையாலேயே அதைப் பற்றவைத்தார். துருத்தி ஊத ஒரு சிறுவன் உதவியதற்காக அவருக்குத் தண்டனை நேரம் விதிக்கப்பட்டது. 1930இல் நாட்டணிகள் வந்தபின் இந்த இறுக்கம் தளர்ந்தது. 1934இல் ரெனே வியத்தோ தன் முன்சக்கரத்தைக் கழற்றி அணித்தலைவர் அந்தோனேன் மாஞ்ஞிடம் கொடுத்துவிட்டுச் சாலையோரச் சுவரில் அமர்ந்து அழுத படம் பிரெஞ்சு விளையாட்டுலகின் நினைவில் தங்கிவிட்டது. போருக்குப் பின், 1950களில், அணிக் காரிலிருந்து இறங்கி ஓடிவரும் மெக்கானிக்கின் கையில் காற்றடைத்த சக்கரம் இருந்தது. பழுதுபார்ப்பவர் மாறினார், பழுதை அளக்கும் அலகு நிமிடத்திலிருந்து நொடிக்கு இறங்கியது. பிரேக்கைத் திறப்பதற்கான கருவி இந்த மாற்றத்தின் பிள்ளை. பனிபடர்ந்த கணவாய்க்கு அதில் பங்கில்லை.

(இந்தியச் சாலைகளின் கம்பி பிரேக் மிதிவண்டிக்கு இத்தேவை எழவில்லை என்பதையும் இங்கே குறிக்கலாம். சைக்கிள் கடைக்காரர் பஞ்சருக்காகச் சக்கரத்தைக் கழற்றுவதே இல்லை. டயரின் ஒரு விளிம்பை நெம்பி, ட்யூபை மட்டும் வெளியே உருவி, ஒட்டித் திணித்துவிடுகிறார். அங்கே நொடிகளை எண்ணுபவர் யாருமில்லை.)

விடை ஒரே பட்டறையிலிருந்து வரவில்லை. கிளெர்மோன்-ஃபெரான் நகரின் மஃபாக் நிறுவனத்தின் பிரேக்கில், இரு கைகளையும் இணைக்கும் குறுக்குக் கம்பியின் ஒரு முனையைக் கொக்கியிலிருந்து விரலால் கழற்றினால் போதும். இரு கைகளும் விரிந்துவிடும். தனிக் கருவி எதுவும் சேர்க்காமல் கிடைத்த இத்திறப்பே இவற்றுள் மிக நேர்த்தியானது எனலாம். சுவிட்சர்லாந்தின் வைன்மன், கேபிளின் உறை வந்து முட்டும் தாங்கியில் ஒரு சிறு நெம்புகோலை வைத்தது. 1960களின் இறுதியில் வந்த கம்பஞோலோவின் ரெக்கார்ட் பிரேக், கேபிள் பூட்டப்படும் கையிலேயே அதை அமைத்தது. மூன்றும் செய்வது ஒன்றையே: இறுகிய கேபிளுக்குச் சில மில்லிமீட்டர் தளர்வைக் கொடுத்து, பிறகு அதே இடத்துக்கு மீட்டுக் கொண்டுவருவது. இவற்றை முதலில் எண்ணியவரின் பெயரைப் பொதுநினைவு பேணவில்லை. இவற்றுக்குக் கணவாயும் இல்லை, கல்லும் இல்லை.

1990களில் வேறுபாடு கூர்மையடைந்தது. இரட்டை மையப் பிரேக்குகள் கூடுதல் அழுத்தம் தந்தன. அதற்கு விலையாகக் கட்டைகள் ரிம்மை இன்னும் நெருங்கி நிற்க வேண்டியதாயிற்று, திறப்பு இன்றியமையாததாயிற்று. ஜப்பானின் ஷிமானோ அதைப் பிரேக்கின் கையில் வைத்தது. கம்பஞோலோ தன் எர்கோபவர் பிடிகளில், பிடியின் உடலிலேயே ஒரு சிறு ஊசியாக வைத்தது. இது வெறும் இடமாற்றம் அன்று. சக்கரத்தை மாற்றிய அவசரத்தில் திறப்பை மூட மறப்பது இயல்பு. பிரேக்கில் உள்ள திறப்பை மூட மறந்தால், வழக்கமான இடத்திலிருந்தே புறப்படும் பிடி வெகுதூரம் மடங்கிய பிறகே, அல்லது கைப்பிடிக் குழாயை முட்டும் நிலையிலேயே, கட்டை ரிம்மைத் தொடும். ஊசியைத் தள்ளித் திறந்தாலோ பிடியே வெளிப்புறமாக விலகி நிற்கிறது. அசைவின் நீளம் குறைவதில்லை, மறதியும் கண்ணில் படுகிறது. சரிவில் இறங்கும் வீரருக்கு இவ்வேறுபாடு சிறியதன்று.

ஆனால் இரு நிறுவனங்களும் தத்தம் முழுத் தொகுதியை மனத்தில் கொண்டே வடிவமைத்தன. ஷிமானோ பிடியையும் கம்பஞோலோ பிரேக்கையும் ஒரே வண்டியில் இணைத்தவர் ஒரு திறப்பும் இல்லாமல் தவித்தார். மாற்றி இணைத்தவருக்கு இரண்டு கிடைத்தன. தனித்தனி உறுப்புகளின் காப்புரிமைகளை மட்டும் படிக்கும் ஆய்வாளருக்கு இது புலப்படாது. பட்டறை மேசையில்தான் புலப்படும்.

இதற்கிடையே அச்சின் நெம்புகோலும் தன் வேகத்தில் பாதியை இழந்திருந்தது. சரியாக இறுக்கப்படாத முன்சக்கரங்கள் கழன்று விபத்துகள் நேர்ந்து, வழக்குகளும் வந்தபின், உற்பத்தியாளர்கள் முன்கவையின் நுனியில் சிறு மேடுகளை அமைத்தனர். நெம்புகோலைத் திறந்த பிறகும் மறுமுனை நட்டைச் சில சுற்றுகள் திருகாமல் சக்கரம் இறங்காது. அணி மெக்கானிக்குகள் அம்மேடுகளை அரத்தால் தேய்த்து எடுத்துவிடுவது பந்தய உலகில் வழக்கமாக இருந்தது.

பிரேக்கின் திறப்பு மறைந்தது டிஸ்க் பிரேக்கால். பன்னாட்டு மிதிவண்டிச் சங்கம் 2015இல் அதைச் சாலைப் பந்தயங்களில் சோதிக்கத் தொடங்கியது; 2016இல் பாரி-ரூபே பந்தயத்துக்குப் பின் சோதனையை நிறுத்தியது; 2018 ஜூலையில் முழுமையாக அனுமதித்தது. டிஸ்க் பிரேக்கின் கட்டைகள் குடத்தோடு இணைந்த மெல்லிய தட்டைக் கவ்வுகின்றன. டயருக்கும் அவற்றுக்கும் தொடர்பே இல்லை. எனவே திறக்க எதுவுமில்லை. அதனுடன் வந்த 12 மில்லிமீட்டர் ஊடச்சோ கவையில் மரையிட்டுத் திருகப்படுவது. சக்கரத்தைக் கழற்ற அதைச் சுற்றிச் சுற்றி உருவ வேண்டும், ஏறக்குறைய பழைய விங் நட்டைப் போலவே. பந்தயத்தில் அதற்குக் காத்திருப்போர் இப்போது குறைவு. பஞ்சரான வீரர் வண்டியை ஓரத்தில் சாய்க்கிறார். அணிக் காரின் கூரையிலிருந்து முழு வண்டியே இறங்குகிறது.