மடல் ஏறியவனும் பதில் சொல்லாத பெண்ணும்

பள்ளிக்கூடத்தில் மடலேறுதல் பற்றிப் படித்தபோது வகுப்பே சிரித்தது ஞாபகம் இருக்கு. பனைமட்டையில் குதிரை, தலையில் எருக்கம்பூ. காமெடிதானே? சமீபத்தில் அந்தப் பாடல்களைத் திரும்ப வாசித்தபோது சிரிப்பு வரவில்லை. உடம்பு கூசியது. ஏன் என்று யோசித்ததுதான் இந்தக் குறிப்பு.

வழக்கம் இதுதான். விரும்பிய பெண் கிடைக்காதவன், கருக்குள்ள பனைமட்டையில் செய்த குதிரையில் ஏறி, அவள் உருவம் வரைந்த துணியைக் கையில் பிடித்தபடி தெருவுக்கு வருவான். கருக்கு அவன் உடம்பைக் கிழிக்கும். கூடவே அவள் பெயரும் ஊர் வாயில் கிழியும்.

சங்கப் பாடல்களில் நிஜமாக ஏறியவர்கள் குறைவு. 'ஏறிடுவேன்' என்று தோழியிடம் சொல்வதுதான் அதிகம். குறுந்தொகை 17-இல் பேரெயின் முறுவலாரின் தலைவன் பொதுவாகப் பேசுவதுபோலப் பேசுகிறான்: காமம் முற்றினால் மடலும் ஏறுவாங்க, எருக்கும் சூடுவாங்க, அதுக்கு மேலயும் போவாங்க. யாரைச் சொல்றான்னு தோழிக்குப் புரியாதா என்ன?

நியாயமாக ஒன்று சொல்லணும். களவுப் பாடல்களில் பெரும்பாலும் அவளுக்கும் விருப்பம் உண்டு. அதனால்தானோ என்னவோ, தொல்காப்பியம் கோடு போட்டுப் பிரிக்கிறது. ஏறுவேன் என்று சொன்னால் களவு, ஏறிவிட்டால் பெருந்திணை. கைக்கிளைக்கு அது தரும் விளக்கம் இன்னும் சங்கடமானது: காமம் அறியாத சிறுபெண்ணிடம் ஒருவன் பேசுகிறான், பதில் வரவில்லை, பேசியதிலேயே இன்பப்படுகிறான்.

கலித்தொகை 141-இல் ஒருவன் ஏறியே விடுகிறான். தெருவில் அவன் பாட்டைக் கேட்ட பெண்ணின் உறவினர், பாண்டியனுக்குப் பகைவர் திறை கட்டுவதுபோல அவளைக் கொடுத்துவிடுகிறார்கள். கவிஞர் பிடித்த உவமையைப் பாருங்கள். கல்யாணம் என்று இல்லை, கப்பம்! அந்த முடிவில் அவள் என்ன நினைத்தாள் என்ற பேச்சே கிடையாது.

எனக்குக் கூசியது இந்த இடத்தில்தான். அவன் அழுகை, ரத்தம், பாட்டு எல்லாமே ஊருக்குக் காட்டுவதற்கு. அவள் 'வேண்டாம்' என்றால் கல்நெஞ்சக்காரி ஆகிவிடுவாள். மணிக்கட்டை அறுத்துக்கொண்டு போட்டோ அனுப்புகிறவனும் இதே குதிரையில்தான் வருகிறான்.

2013-இல் இந்தியத் தண்டனைச் சட்டத்தில் 354டி பிரிவு சேர்ந்தது. தனக்கு விருப்பமில்லை என்று பெண் தெளிவாகக் காட்டிய பிறகும் ஒருவன் திரும்பத் திரும்பப் பின்தொடர்ந்தால் அது குற்றம். அவள் பதிலுக்கு ஒரு மதிப்பு உண்டு என்று எழுதிவைக்க இவ்வளவு காலம் ஆகியிருக்கு.