இரட்டித்த ஒற்று: தைப்பிங் தமிழில் அயல் ஒலிகளின் வரவு

பேராக் மாநிலத்து ஊர்ப்பெயரைத் 'தைப்பிங்' என்று எழுதும்போது மலாயில் இல்லாத ஒரு பகரமெய்யைத் தமிழர் கூடுதலாக இடுகிறார்கள். அதற்குக் காரணம் இருக்கிறது. ஒற்றைப் பகரம் எழுதினால் அது 'கோபம்' என்பதில் வருவதுபோல ஒலிப்புடையதாகிவிடும். அசல் ஒலியின் வன்மையைக் காக்க, 'அப்பம்' போல இரட்டிப்பதே வழி. உயிர்களுக்கிடையே தனித்து வரும் வல்லினம் மெலிவதையும் இரட்டிக்கும்போது வலிமை பெறுவதையும் கால்டுவெல் 1856இல் தம் ஒப்பிலக்கணத்தில் விதியாக வகுத்தார். பேராக் தமிழர் அந்நூலைப் படித்துவிட்டு ஊர்ப்பெயர்களை எழுதவில்லை. காதில் விழுந்ததை எழுதினார்கள். விதி தானாக வேலை செய்தது. மாத்தாங், ஈப்போ, ரம்புத்தான் எல்லாம் இந்த வகையே.

தைப்பிங்கில் இந்தக் காது ஒன்றல்ல, இரண்டு. 1885 ஜூன் 1ஆம் தேதி தைப்பிங்குக்கும் போர்ட் வெல்டுக்கும் இடையே மலாயாவின் முதல் ரயில் பாதை திறக்கப்பட்டது. நீளம் சுமார் 8 மைல். அதை அமைக்க இலங்கையிலிருந்து பயனியர் படையினர் வந்தனர். தொடர்ந்து ரயில்வேயிலும் அலுவலகங்களிலும் எழுத்தர் வேலைக்கு, மிஷன் பள்ளிகளில் ஆங்கிலம் கற்ற யாழ்ப்பாணத்தார் வந்தார்கள். ரப்பர் பெருகியபோது கங்காணிகள் வழியாகத் தமிழகத்துக் கிராம மக்கள் தோட்டங்களுக்கு வந்தார்கள்.

இந்த இரு சாராரும் ஆங்கிலத்தின் ஒரே ஒலியை வெவ்வேறாக வாங்கினர். ஆங்கிலத் தகர ஒலி அண்பல்லில் பிறப்பது. தமிழகத்தார் பேச்சில் அந்த இடத்து அடைப்பொலி மறைந்துவிட்டது. 'நேற்று' அவர்கள் வாயில் 'நேத்து'. ஆகவே 'டீ', 'டயர்' என்று வளைநா டகரத்தில் அதை அமர்த்தினார்கள். யாழ்ப்பாணத்தார் பேச்சிலோ 'ற்ற' இன்றும் அண்பல் ஒலியாக உயிரோடிருக்கிறது. எனவே அவர்கள் 'ரயர்' என்று எழுதி, அண்பல் ஒலியாகவே உச்சரிப்பார்கள். தமிழகத்து வாசகருக்கு இது எழுத்துப்பிழையாகத் தோன்றும். உண்மையில் ஆங்கில ஒலிக்கு நெருக்கமானது அதுதான்.

மலாய்த் தகரம் வேறு. அது பெரும்பாலும் பல்லில் பிறக்கிறது. அதன் ஒலிப்புடை இணையோ சற்றுப் பின்னே, அண்பல்லில். இந்த நுண்ணிய வேறுபாட்டை எந்தப் பயிற்சியும் இல்லாத தமிழ்க் காது பிடித்துவிட்டது. சான்று, 'டத்தோ' பட்டம். முதல் ஒலி டகரமாயிற்று. நடுவொலி தகரமாகி இரட்டித்தது. மெல்லினத்தின் பின் மட்டும் இந்த உத்தி செல்லாது. அங்கே இரட்டிக்க இடமில்லை என்பதால் ஓர் ஊர்ப்பெயரைக் கமுந்திங் என்றாலும் கமுண்டிங் என்றாலும் வன்மை போய்விடுகிறது.

எதிர்த்திசையிலும் இதைச் சோதிக்கலாம். மலாயில் இரட்டிப்பு கிடையாது. நம் 'கப்பல்' அங்கே ஒற்றை வன்பகரத்தோடும், 'பெட்டி' ஒற்றை வன்தகரத்தோடும் வழங்குகின்றன. ஆனால் 'கடை'யின் டகரம் ஒலிப்புடையதாகவே போயிருக்கிறது. இவ்வாறு மலாய்க்காரர் காதும் நம் விதியைச் சாட்சி சொல்கிறது.

தாய்மொழி ஒலியை ஒத்த அயலொலியைக் காது அதனோடு சேர்த்துவிடும், முற்றிலும் வேறானதைத் தனியே கற்கும் என்பது ஜேம்ஸ் ஃபிளேகெ 1995இல் முன்வைத்த கருத்து. மேற்கண்ட தகரங்களுக்கு இது பொருந்துகிறது. சொல்லிறுதியில் வரும் மலாய்க் குரல்வளை அடைப்பொலிக்குப் பொருந்தவில்லை என்றே கருதுகிறேன். அது தமிழுக்கு முற்றிலும் புதியது. இருந்தும் தனியே நிற்காமல் உதிர்ந்துபோனது. மாநிலத்தின் பெயரே 'பேரா' ஆயிற்று, 'டத்தோ'வும் உயிரில் முடிந்தது. இறுதி ஹகரமும் அப்படியே உதிர்ந்ததால் ஈப்போவும், தோட்டத்தில் ரப்பருக்கு வழங்கும் 'கித்தா'வும் கிடைத்தன. ஆனால் இவை சொற்கள் தமிழுக்குள் வந்தபின் எடுத்த வடிவம். இருமொழியாளர் மலாயிலேயே பேசும்போது அவற்றை எப்படி ஒலிக்கிறார் என்பது வேறு கேள்வி. இரண்டையும் ஒன்றாக்கிவிடுவது இத்துறையில் அடிக்கடி நேர்வது.

இராம. சுப்பையாவின் கீழ்ப் பேராக் தமிழ் ஆய்வு (மலாயாப் பல்கலைக்கழகம், 1966) ஒலிகளை அல்ல, சொல் வேறுபாடுகளைப் பற்றியது. அதன்பின் நிலைமை மாறியது. 1970 முதல் ஆங்கிலப் பள்ளிகள் படிப்படியாக மலாய்வழிக்குத் திரும்பின. தமிழ்ப் பள்ளிப் பிள்ளைகளுக்கோ இடைநிலைக் கல்வி, புகுமுக வகுப்புக்குப் பின், மலாயில்தான். இத்தலைமுறை மலாயை அதன் ரோமன் எழுத்தோடு சேர்த்துக் கற்றது. 'பேரா'வின் அருகே 'பேராக்' என்ற வடிவம் வலுப்பெற்றதை நான் இதனோடு இணைத்தே பார்க்கிறேன். மலாய் ஒலியை முன்னோரைவிட நன்கறிந்தவர்கள், ஒலிக்காத ககரத்தை எழுத்தைப் பார்த்து மீட்டுக்கொண்டார்கள். பாட்டன் காதால் எழுதினார், பேரன் கண்ணால் எழுதுகிறார்.

இந்த ஊகத்தைச் சோதிக்க வழி உண்டு. 1924இல் தொடங்கி 2019இல் நின்ற 'தமிழ் நேசன்' நாளிதழில் இவ்விரு வடிவங்களையும் ஆண்டுவாரியாக எண்ணிப் பார்க்கலாம். 'பேராக்' 1970க்கு முன்பே மிகுந்திருந்தால் பள்ளிக்கூடத்தைக் காரணமாக்கும் என் வாதம் விழும். ஆங்கில வழி அலுவலகங்களைத்தான் பிறகு பார்க்க வேண்டியிருக்கும்.