நைனார்பாளையம் வட்டாரத்தில் பனிக்காலப் பறவை நோக்கலும் ஒளிப்படப் பதிவும்

பனிக்காலப் பறவை நோக்கல் என்பது ஐப்பசி முதல் பங்குனி வரை ஊரைச் சுற்றியுள்ள ஏரி, வயல், தோப்புகளில் வலசைப் பறவைகளையும் உள்ளூர்ப் பறவைகளையும் பார்த்து, இனங்கண்டு, குறித்துவைக்கும் பழக்கம். ஒளிப்படம் எடுப்பதும் இன்று இதன் பகுதியாகிவிட்டது. கள்ளக்குறிச்சி மாவட்டம் சின்னசேலம் வட்டத்தைச் சேர்ந்த நைனார்பாளையம் போன்ற ஊர்கள் பறவைச் சரணாலயங்கள் அல்ல. ஆயினும் ஏரிப்பாசனமும் மானாவாரியும் கலந்த இத்தகைய நிலத்தில், நடந்து போகும் தூரத்துக்குள்ளேயே இப்பழக்கத்தை முறையாகக் கைக்கொள்ள முடியும். ஆண்டுக்கு ஒருமுறை தொலைவிலுள்ள சரணாலயத்துக்குப் போய் வருபவரைவிட, சொந்த ஊர் ஏரியை வாரந்தோறும் பார்ப்பவருக்கே பறவைகளின் வரவும் போக்கும் நன்கு பிடிபடும்.

நிலமும் பருவமும்

கள்ளக்குறிச்சி மாவட்டம் 2019-இல் விழுப்புரம் மாவட்டத்திலிருந்து பிரிந்தது. கிழக்குத் தொடர்ச்சி மலைகளில் ஒன்றான கல்வராயன் மலை இதன் மேற்கே அமைந்துள்ளது. கோமுகி, மணிமுக்தா ஆறுகள் அங்கே பிறக்கின்றன. கச்சிராயபாளையம் அருகே, மலையடிவாரத்தில் கோமுகி அணை உள்ளது. சமவெளியில் மக்காச்சோளம், பருத்தி, மரவள்ளி, கரும்பு, நெல் ஆகியவை பயிராகின்றன.

வட நாடுகளில் பனி உறைந்து இரை அருகும் மாதங்களில் இங்கு வடகிழக்குப் பருவமழை பெய்கிறது. அக்டோபர் முதல் டிசம்பர் வரை ஏரிகள் நிரம்பி, புல்பூண்டு தழைத்து, பூச்சிகள் பெருகுகின்றன. தை பிறந்ததும் நீர் இறங்கத் தொடங்க, ஏரியோரச் சேறு வெளிப்படும். அதிலுள்ள புழுக்களையும் சிறு நத்தைகளையும் தேடி உள்ளான் வகைகள் இறங்கும். கரை தளும்பும் ஏரியில் முக்குளிப்பானும் நீர்க்காகமும் தென்படும். உள்ளான் போன்ற கரையோரப் பறவைகளைக் காணவோ பாதி வற்றிய ஏரியே ஏற்றது.

வலசைப் பறவைகள்

தமிழக உட்பகுதிகளுக்குப் பனிக்காலத்தில் வரும் பறவைகளில் எளிதில் கண்ணில் படுவது தகைவிலான். மின்கம்பிகளில் வரிசையாக அமர்ந்திருக்கும். இமயமலையிலிருந்து வரும் சாம்பல் வாலாட்டி, ஓடும் நீரருகே வாலை மேலும் கீழும் ஆட்டியபடி நடக்கும். பொறி உள்ளான் வயல் சேற்றிலும், நீலச்சிறகி, ஊசிவால் வாத்து ஆகியவை பெரிய ஏரிகளிலும் தங்கும். சேற்றுப் பூனைப்பருந்து ஏரிக் கோரைகளுக்கு மேலே தாழப் பறந்து இரை தேடும்.

சூறைக்குருவி நடு ஆசியாவிலிருந்து பெருங்கூட்டமாக வருகிறது. சோளக்குருவி என்பதும் இதுவே. வெட்டுக்கிளிகளைத் தின்று உழவருக்கு உதவும். முற்றிய கதிர்களில் இறங்கினால் இழப்பும் தரும். 10 முதல் 12 கிராம் மட்டுமே எடையுள்ள பிளித் நாணல் கதிர்க்குருவி, வடக்கு ஐரோப்பா, ரஷ்யா போன்ற இடங்களிலிருந்து வந்து நம் வேலிப்புதரில் குளிர்காலத்தைக் கழிக்கிறது. முகம் காட்டாது, ‘டக், டக்’ என்ற குரலால்தான் இருப்பதை அறியலாம். ஆறுமணிக்குருவி இமயமலை அடிவாரத்திலும் நடு இந்தியாவிலும் இனப்பெருக்கம் செய்துவிட்டுத் தெற்கே வரும் பறவை. நிழலடர்ந்த தோப்புகளில் சருகைக் கிளறி இரை தேடும். விடியலிலும் அந்தியிலும் குரல் கொடுக்கும்.

வலசைப் பறவைகளை இனங்காண உள்ளூர்ப் பறவைகளை முதலில் அறிந்திருக்க வேண்டும். கரிச்சான், பனங்காடை, கொண்டலாத்தி, ஆள்காட்டி, செம்போத்து, மடையான், கௌதாரி, தவிட்டுக்குருவி ஆகியவை ஆண்டு முழுவதும் காணக்கூடியவை. இவை பழகிய கண்ணுக்குப் புதிதாக வந்த பறவை உடனே தனித்துத் தெரியும்.

நோக்கும் முறை

விடிந்ததிலிருந்து ஒன்பது மணி வரையும், மாலை நான்கு மணிக்குப் பிறகும் பறவைகள் சுறுசுறுப்பாக இருக்கும். 8×42 அளவுள்ள இருநோக்கி தொடக்கநிலையினருக்குப் போதும். இதில் 8 என்பது உருப்பெருக்கம், 42 என்பது முன்வில்லையின் விட்டம் மில்லிமீட்டரில். பருமன், அலகு, கால், வாலசைவு, குரல், அமர்ந்த இடம் ஆகியவற்றைக் குறிப்பேட்டில் தேதி, நேரத்துடன் எழுத வேண்டும். சாலிம் அலி 1941-இல் வெளியிட்ட இந்தியப் பறவைகள் நூல் பல தலைமுறைகளுக்கு வழிகாட்டியது. தமிழில் ப. ஜெகநாதனும் ஆசையும் எழுதிய ‘பறவைகள்: அறிமுகக் கையேடு’ தொடக்கநிலையினருக்கு உதவும்.

ஒளிப்படம்

திருநெல்வேலியில் பிறந்த மா. கிருஷ்ணன் (1912–1996) தமிழிலும் ஆங்கிலத்திலும் எழுதிய இயற்கையியலாளர். கறுப்பு வெள்ளைக் காட்டுயிர்ப் படங்களுக்குப் பெயர் பெற்றவர். ‘ஸ்டேட்ஸ்மன்’ நாளிதழில் 1950 முதல் இறுதிவரை எழுதிய பத்தியில் காட்டு யானைகளுக்குத் தந்த அதே கவனத்தை வீட்டருகே வாழும் எளிய உயிர்களுக்கும் தந்தார்.

படமெடுக்கப் பழகத் தொடங்குபவருக்குப் பச்சைப் பஞ்சுருட்டான் நல்ல ஆசான். கம்பியிலோ பட்ட கிளையிலோ அமர்ந்திருக்கும். சட்டெனப் பாய்ந்து தேனீயையோ தட்டானையோ பிடிக்கும். பெரும்பாலும் அதே இடத்துக்குத் திரும்பி, இரையைக் கிளையில் அடித்துக் கொடுக்கை நீக்கித் தின்னும். திரும்பி வரும் இடத்தைக் குறிவைத்துக் காத்திருந்தால் போதும், துரத்த வேண்டியதில்லை. வெயில் முதுகுப்பக்கம் இருக்க, பறவையின் கண் மட்டத்துக்குத் தாழ்ந்து, கண்ணில் குவியம் வைத்து எடுப்பது அடிப்படை. பறக்கும் பறவைக்கு ஷட்டர் வேகம் நொடியில் 1/1000 அல்லது அதைவிடக் கூடுதலாக இருக்க வேண்டும். மார்கழி மூடுபனியில் படம் மங்கும். பனி விலகும் வரை காத்திருப்பதே வழி. ஒன்றுபோலத் தோன்றும் உள்ளான் இனங்களைப் பிரித்தறியத் தெளிவற்ற படமும் சான்றாகும்.

கணக்கெடுப்புகள்

1900-இல் அமெரிக்காவில் பிராங்க் சாப்மன், கிறிஸ்துமஸ் வேட்டைக்கு மாற்றாகப் பறவைகளை எண்ணும் வழக்கத்தைத் தொடங்கினார். ஆசிய நீர்ப்பறவைக் கணக்கெடுப்பு 1987 முதல் ஜனவரியில் நடக்கிறது. தமிழகத்தில் 2015 முதல் பொங்கல் விடுமுறையில் பொங்கல் பறவைகள் கணக்கெடுப்பு நடைபெறுகிறது. ஓரிடத்தில் குறைந்தது 15 நிமிடம் நின்று, கண்ட இனங்களையும் எண்ணிக்கையையும் 2002-இல் தொடங்கப்பட்ட ‘இபேர்ட்’ தளத்தில் பதிவேற்றுவதே முறை. காகம், மைனா போன்ற எளிய பறவைகளின் கணக்கும் இதில் முக்கியமானது. அவை குறைகின்றனவா, கூடுகின்றனவா என்பதை ஊர்தோறும் சேரும் பட்டியல்களே காட்டும்.

நெறிகள்

காட்டுப் பறவைகளைப் பிடிப்பதும் கொல்வதும் 1972-ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி குற்றம். கூட்டின் அருகே செல்வது, பதிவு செய்த குரலை ஒலிக்கவிட்டு இழுப்பது, ஆந்தை மீது பிளாஷ் அடிப்பது, படத்துக்காகக் கல்லெறிந்து பறக்கவிடுவது ஆகியவற்றைத் தவிர்க்க வேண்டும். நெடுந்தொலைவு பறந்து இளைத்து வந்த பறவைக்கு ஒவ்வொரு வீண் பறத்தலும் வலு இழப்பு. வயலில் இறங்கும் முன் உரியவரிடம் அனுமதி கேட்பதும் நெறியே.

நைனார்பாளையம் போன்ற ஊர்களின் பறவைகளைப் பதிவு செய்ய வெளியூர் ஆய்வாளரை எதிர்பார்த்திருக்க வேண்டியதில்லை. அங்கு வாழும் மாணவரும் ஆசிரியரும் உழவருமே அதற்கு உரியவர்கள். வரும் பொங்கலன்று உங்கள் ஊர் ஏரிக்கரையில் 15 நிமிடம் நின்று, பார்த்ததைப் பட்டியலிட்டு இபேர்ட் தளத்தில் பதிவேற்றுங்கள். அடுத்த ஆண்டும் அதே இடத்தில் எண்ணுங்கள்.