அரமும் அழகும்

அழகுக்காகப் பற்களை அராவி இடைவெளி உண்டாக்கும் பெண்களைச் சபிக்கும் நபிமொழியை நாம் அறிவோம். முதியோர் இளமையாகத் தோன்றச் செய்துகொண்ட வழக்கம் அது. ஆயினும் குர்துபாவின் அறுவை மருத்துவர் அஸ்ஸஹ்ராவி (936–1013), 30 பாகங்கள் கொண்ட தமது 'அத்தஸ்ரீஃப்' நூலில், முறைதவறித் துருத்தி நிற்கும் பல்லை இந்திய இரும்பாலான அரத்தால் பல நாட்கள் சிறிது சிறிதாக அராவுமாறு கூறுகிறார். விரைந்தால் பல் ஆட்டங்கண்டு விழுந்துவிடும் என எச்சரிக்கிறார்.

இவை முரண்பட்டவையா? இல்லை. நபிமொழியிலுள்ள 'அழகுக்காக' என்ற சொல்லே எல்லைக்கோடு என்பதை 1277-இல் மறைந்த இமாம் நவவி தெளிவாக்கினார்: சிகிச்சைக்காகவோ, பல்லின் குறையை நீக்கவோ செய்தால் குற்றமில்லை. இன்று பல் மருத்துவரை நாடும் நாமும், களைய விரும்புவது பல்லின் குறையையா, வயதின் அடையாளத்தையா என முதலில் நம்மையே கேட்டுக்கொள்வது நலம்.