ஷோபாசக்தி: அகதி மனுவிலிருந்து நாவலுக்கு

யாழ்ப்பாணத்திலிருந்து பண்ணைப் பாலம் தாண்டி, மண்டைதீவுச் சந்தியைக் கடந்து ஊர்காவற்றுறைப் பக்கம் போனால் அல்லைப்பிட்டி வரும். வேலணைத் தீவின் முதல் கிராமம். ஒரு பக்கம் கடல், பனைகள், மணல், நல்ல தண்ணீருக்குத் தவிக்கும் கிணறுகள். 1990 ஓகஸ்டில் படையினர் தீவுப்பகுதியைக் கைப்பற்றியபோது மண்டைதீவிலும் அல்லைப்பிட்டியிலும் பிடித்துச் செல்லப்பட்ட இளைஞர்களில் பலர் திரும்பி வரவில்லை. 2006 மே 13 இரவு அல்லைப்பிட்டியில் குழந்தைகள் உட்படப் பலர் சுட்டுக் கொல்லப்பட்டார்கள். அதே ஆண்டு ஓகஸ்டில் எறிகணைக்குப் பயந்து தேவாலயத்தில் ஒதுங்கிய சனமும் செத்தது. அந்தச் சனத்தோடு நின்ற பங்குத்தந்தை ஜிம் பிறவுன் அடிகளார் ஓகஸ்ட் 20ஆம் திகதி காணாமல் ஆக்கப்பட்டார்.

ஷோபாசக்தி என்ற நாவலாசிரியர் 1967இல் பிறந்தது இந்தக் கிராமத்தில்தான். சொந்தப் பெயர் அன்ரனிதாசன் யேசுதாசன். 1990உம் 2006உம் அங்கே நடந்தபோது அவர் ஊரில் இல்லை. ஆனாலும் அவருடைய எழுத்தை வாசிக்கும்போது அந்த மணலில்தான் நிற்கிறோம் என்பது தீவுப்பகுதி ஆட்களுக்கு உடனே விளங்கிவிடும். நான் பக்கத்து ஊர்க்காரன். எங்கள் பக்கத்துப் பேச்சு அச்சில் வந்து நான் முதன்முதலில் பார்த்தது அவருடைய புத்தகத்தில்தான்.

வாழ்க்கை வரலாற்றைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். அதை அவரே பேட்டிகளில் பலமுறை சொல்லியிருக்கிறார். 1983 இனவன்முறைக்குப் பிறகு பள்ளிக்கூடப் பருவத்திலேயே விடுதலைப் புலிகள் இயக்கத்தில் சேர்ந்தார். 1986இல், பத்தொன்பது வயதளவில், இயக்கத்தை விட்டு விலகினார். எண்பதுகளின் கடைசியில் நாட்டை விட்டு வெளியேறி, தாய்லாந்தில் சில ஆண்டுகள் அகதியாக இருந்தார். 1993இல் போலிக் கடவுச்சீட்டில் பிரான்சுக்குப் போய்ச் சேர்ந்தார். பாரிஸில் கோப்பை கழுவினார், சமைத்தார், சுப்பர் மார்க்கெட்டில் சாமான் அடுக்கினார். நம்மவர்கள் ஆயிரக்கணக்கானோர் செய்த அதே வேலைகள். ட்ரொட்ஸ்கியவாதிகளோடு சேர்ந்து அரசியலும் வேலை செய்தார். வாசிப்பு அங்கேதான் விரிந்தது என்று சொல்வார். தொண்ணூறுகளில் ஐரோப்பாவில் நம்மவர்கள் நடத்திய சிறுபத்திரிகைகள் எத்தனையோ. இரவு வேலை முடித்து வந்து தட்டச்சு செய்து, போட்டோக்கொப்பி அடித்து, தபாலில் அனுப்பிய பத்திரிகைகள். ஷோபாசக்தி அந்தச் சூழலில் இருந்து வந்தவர். சுகனோடு சேர்ந்து 'சனதருமபோதினி', 'கறுப்பு' ஆகிய தொகுப்புகளையும் கொண்டுவந்தார்.

2001இல் முதல் நாவல் 'கொரில்லா' வந்தது. 2002இல் ஏ9 பாதை திறந்த பிறகு கொழும்பிலிருந்து வந்த சிநேகிதர் ஒருவர் எனக்கு ஒரு பிரதி தந்தார். அட்டையை மடித்துத்தான் வாசித்தேன். எவர் கண்ணில் பட்டாலும் கேள்வி வரும் காலம். நாவல் எப்படித் தொடங்குகிறது தெரியுமா? ஒரு தஞ்சக் கோரிக்கை மனுவில். பிரான்சில் அகதி அந்தஸ்துக் கேட்டு நிராகரிக்கப்பட்ட ஒருவர் தன் கதையை அதிகாரிகளுக்கு இலக்கமிட்டு எழுதுகிறார். எந்தத் திகதியில் யார் பிடித்தார்கள், எங்கே வைத்து அடித்தார்கள், எப்போது விட்டார்கள். மனுதாரரின் பெயர் அந்தோனிதாசன். எழுதியவரின் சொந்தப் பெயரை ஒட்டிய பெயர். இது அவருடைய கதையா, பாத்திரத்தின் கதையா, அல்லது வக்கீல் எழுதிக் கொடுத்த கதையா என்ற சந்தேகம் முதல் பக்கத்திலேயே வந்துவிடுகிறது. அதற்குப் பிறகுதான் நாவல் தீவுப்பகுதிக்குத் திரும்பி, ஊரே பயந்த ஒரு சண்டியனின் மகன் றொக்கிராஜ் இயக்கத்துக்குப் போய் என்ன ஆனான் என்பதைச் சொல்லத் தொடங்குகிறது. தகப்பனுக்கு ஊர் வைத்த பட்டம் கொரில்லா. அந்தப் பட்டம் மகனையும் விடவில்லை.

வெளிநாட்டில் உறவினர் உள்ள எல்லோருக்கும் 'கேஸ் எழுதுவது' என்றால் என்ன என்று தெரியும். எழுதிக் கொடுப்பதற்கென்றே ஆட்கள் இருந்தார்கள். ஒருவருடைய கேஸ் வென்றால் அதே கதையைப் பெயர் மாற்றி இன்னும் பத்துப் பேர் கொடுத்தார்கள். உண்மையிலேயே சித்திரவதைப்பட்டவன், தான் பட்டது 'காணாது' என்று இன்னொருவனுடைய காயத்தைக் கடன் வாங்கினான். தன் காயத்தை ஒளித்தவர்களும் உண்டு. இயக்கத்தில் இருந்தேன் என்று சொன்னால் கேஸ் விழுந்துவிடும் என்ற பயம். இப்படி நம்முடைய ஒரு தலைமுறையின் வாழ்க்கை, அதிகாரி கேட்கக்கூடிய வடிவத்தில் திரும்ப எழுதப்பட்டது. ஷோபாசக்தியின் முக்கியமான கண்டுபிடிப்பு இந்த வடிவம்தான் என்பது என் எண்ணம். மனு, வாக்குமூலம், விசாரணை அறிக்கை, அடிக்குறிப்பு, டயறி. உண்மையை நிரூபிக்க உலகம் நம்மிடம் கேட்கிற காகிதங்களை எல்லாம் அவர் கதைக்குள் கொண்டுவந்தார். கொண்டுவந்து, அந்தக் காகிதத்தில் எழுத இடமில்லாததை எழுதினார்.

இதை நான் சும்மா சொல்லவில்லை. யுத்தம் முடிந்த பிறகு எங்கள் பக்கத்துப் பெண்கள் சிலருக்கு ஆணைக்குழுக்களுக்கான விண்ணப்பங்களை எழுதிக் கொடுத்திருக்கிறேன். 2010இல் நல்லிணக்க ஆணைக்குழு வந்தது. 2013இல் காணாமல் போனோருக்கென்று இன்னொரு ஆணைக்குழு. பிறகு 2016ஆம் ஆண்டுச் சட்டத்தின் கீழ் அலுவலகம். ஒவ்வொரு முறையும் அதே கேள்விகள். காணாமல் போன திகதி, இடம், யார் கொண்டு போனது, கண்ட சாட்சி. ஒரு தாய் தன் மகன் போன அன்று காலை அவனுக்குப் புட்டு வைத்தும் அவன் சாப்பிடாமல் போனதை மட்டும்தான் திரும்பத் திரும்பச் சொன்னார். "தம்பி, அதையும் எழுதிவிடுங்கோ" என்றார். அதற்குப் படிவத்தில் கூடு இல்லை. ஓரத்தில் சின்ன எழுத்தில் எழுதினேன். 'கொரில்லா'வின் அடிக்குறிப்புகள் அன்று எனக்கு வேறு மாதிரி விளங்கின.

இரண்டாவது நாவல் 'ம்' 2004இல் வந்தது. தலைப்பே ஒரு எழுத்து. கதை சொல்பவருக்குக் கேட்பவர் கொட்டுகிற 'ம்'. 1983 யூலை 25, 27ஆம் திகதிகளில் வெலிக்கடைச் சிறையில் 53 தமிழ்க் கைதிகள் கொல்லப்பட்டார்கள். தப்பியவர்கள் மட்டக்களப்புச் சிறைக்கு மாற்றப்பட்டார்கள். செப்டெம்பர் 23ஆம் திகதி அந்தச் சிறை உடைக்கப்பட்டது. நாவலின் நாயகன் நேசகுமாரன் இதன் ஊடாக வருகிறவன். ஆனால் அவனை ஒரு தியாகியாக நம் முன் வைக்கவில்லை. ஐரோப்பாவில் வாழும் அவன் தன் மகளுக்குச் செய்தது சொல்லக் கூசும் குற்றம். பாதிக்கப்பட்டவன் இன்னொருவரைப் பாதிக்கமாட்டான் என்று நாம் நம்ப விரும்புகிறோம். அந்த நம்பிக்கையை இந்த நாவல் விட்டுவைக்கவில்லை. பலர் இதை வாசித்து முடிக்கவில்லை. அவர்களில் நான் மதிக்கும் ஆட்களும் உண்டு. அவர்களைக் குறை சொல்ல மாட்டேன். வெலிக்கடையைப் பற்றிச் சொல்ல வந்தவர் ஏன் அந்த மனிதனைத் தெரிவு செய்தார் என்ற கோபம் நியாயமானது. ஆனால் வெலிக்கடைக்குள் நடந்தது என்ன என்பதைத் தமிழில் எனக்கு இப்படி உணர்த்திய நாவல் வேறு இல்லை.

இந்த இரண்டு நாவல்களையும் ஆங்கிலத்துக்குக் கொண்டுபோனவர் அனுசியா ராமசாமி. 'கொரில்லா' 2008இலும், 'ம்' 'துரோகி' என்ற பொருள்படும் தலைப்பில் 2010இலும் இந்தியாவில் வெளிவந்தன. துரோகி என்ற சொல்லைக் கேட்டால் அவருக்குப் பழகிப்போன சொல் என்பார்கள். 2003இல் வந்த சிறுகதைத் தொகுப்புக்கு அவரே 'தேசத்துரோகி' என்றுதான் பெயர் வைத்தார். இயக்கத்தை உள்ளிருந்து பார்த்துவிட்டு வெளியே வந்து கடுமையாக விமர்சித்தவர். அதனால் அவரைத் தூக்கி எறிந்தவர்கள் நம்மில் ஏராளம். மறுபக்கம், அவருடைய விமர்சனத்தை மட்டும் வெட்டி எடுத்துத் தங்கள் வசதிக்குப் பயன்படுத்துகிறவர்களும் இருக்கிறார்கள். இரு பகுதியினரும் கதைகளை முழுதாக வாசிப்பதில்லை என்பதே என் குறை. அரசும் படையும் செய்ததை அவர் எங்கேயும் மெழுகியதில்லை. இயக்கங்களின் தண்டனைகளையும், நம் ஊர்களின் சாதியையும் அதே பக்கத்தில் எழுதினார் என்பதுதான் விஷயம். சாதியை நாவலில் எழுத யாழ்ப்பாணத்தில் பாதை வெட்டியவர் 'பஞ்சமர்' எழுதிய கே. டானியல். அந்தப் பாதையில் யுத்தத்தையும் சுமந்துகொண்டு நடந்தவர் என்று ஷோபாசக்தியைச் சொல்லலாம்.

சிரிப்பும் உண்டு. இதைச் சொல்லாமல் விட்டால் அவரைப் பற்றிச் சொன்னதாகாது. 'கண்டி வீரன்' கதையில் ஒரு திருடனுக்கு மரண தண்டனை விதித்துவிட்டு, அதை நிறைவேற்ற வழி தெரியாமல் ஒரு சின்ன இயக்கம் படும் பாட்டை வாசித்து நான் சத்தமாகச் சிரித்திருக்கிறேன். சிரித்த பிறகு வயிறு கலங்கும். எங்கள் ஊர்க் கூத்துகளில் கட்டியகாரன் பகிடி விட்டுக்கொண்டே சாவைச் சொல்வது போன்ற ஒரு தொனி.

2009க்குப் பிறகு அவர் நாவல் எழுதச் சில ஆண்டுகள் எடுத்தன. 2015இல் 'பொக்ஸ் கதைப்புத்தகம்' வந்தது. எதிரியை நாலாபுறமும் வளைத்துப் பெட்டிக்குள் அடைக்கும் முற்றுகைக்குப் போராளிகளின் பேச்சில் இருந்த பெயர் 'பொக்ஸ்'. யுத்தத்துக்குப் பிந்திய வன்னிக் கிராமம் ஒன்றில் பேசாத ஒரு சிறுவன் வந்து சேருகிறான். பெரியவர்கள் சொல்லாததைப் பிள்ளைகள் விளையாடிக் காட்டுகிறார்கள். முள்ளிவாய்க்காலில் நின்றவர்கள் இந்தப் புத்தகத்தை மெதுவாக வாசிக்க வேண்டும். அல்லது வாசிக்காமலும் விடலாம். 2019இல் வந்த 'இச்சா' கிழக்கு மாகாணத்துப் பெண் ஆலாவின் சிறைக் குறிப்புகள். மீண்டும் ஒரு காகிதம், மீண்டும் அதை நம்புவதா என்ற கேள்வி. 2022இல் 'ஸலாம் அலைக்'. அதை இரு பக்கமிருந்தும் வாசிக்கலாம். ஒரு பக்கம் ஊர், மறு பக்கம் ஐரோப்பா. எதிலிருந்து தொடங்கினாலும் நடுவில் நின்றுவிடுவோம்.

எனக்கு அவரோடு ஒரு பிணக்கு இருக்கிறது. வாசகரை அடிக்கும்போது எங்கே நிறுத்துவது என்று சில கதைகளில் அவர் பார்ப்பதில்லை. கடைசி வரியில் கதையைப் புரட்டிப்போடும் பழக்கம் ஒரு கட்டத்தில் எதிர்பார்க்கக்கூடியதாகிவிட்டது. பெண்களின் உடல்மேல் நடக்கும் கொடுமையை இத்தனை விபரமாக எழுதத்தான் வேண்டுமா என்று 'இச்சா'வை வாசித்த பெண்கள் என்னிடம் கேட்டிருக்கிறார்கள். அந்தக் கேள்விக்கு என்னிடம் முழுப் பதில் இல்லை.

உலகம் அவரை அறிந்தது எழுத்தால் அல்ல, முகத்தால். லீனா மணிமேகலையின் 'செங்கடல்' படத்தில் எழுத்திலும் நடிப்பிலும் பங்கெடுத்திருந்தார். பிறகு பிரெஞ்சு இயக்குநர் ஜாக் ஒடியாரின் 'தீபன்' படத்தில் நாயகன். 2015 மே மாதம் கான் திரைப்பட விழாவின் தங்கப் பனை விருது அந்தப் படத்துக்குக் கிடைத்தது. பனையோலை என்றவுடன் எங்கள் பக்கத்தில் ஒரு சின்னச் சிரிப்பு. தீபனின் கதையைப் பாருங்கள். ஒருவரையொருவர் அறியாத ஒரு ஆண், ஒரு பெண், ஒரு சிறுமி, செத்துப்போன ஒரு குடும்பத்தின் கடவுச்சீட்டுகளோடு குடும்பமாக நடித்து பிரான்சுக்குப் போகிறார்கள். அதிகாரியின் மேசைக்கு முன், மொழிபெயர்ப்பாளர் நடுவில் இருக்க, தன் கதையைச் சொல்லும் காட்சியும் அதில் உண்டு. 'கொரில்லா'வின் முதல் பக்கத்தில் இருந்தவர் பதினான்கு ஆண்டுகளுக்குப் பிறகு கமராவுக்கு முன் அதே மேசையில் உட்கார்ந்தார். 2017இல் பிரெஞ்சு மொழியில் அவருடைய வாழ்க்கைக் கதையும் நூலாக வந்தது.

இளையவர்கள் எதிலிருந்து தொடங்குவது என்று கேட்கிறார்கள். நாவலை விட்டுச் சிறுகதையில் தொடங்குங்கள். 'கண்டி வீரன்' தொகுப்பு முதலில், பிறகு 'எம்.ஜி.ஆர். கொலைவழக்கு'. அதற்குப் பிறகு 'கொரில்லா'. 'ம்' நாவலை வீட்டில் யாரோடாவது பேசக்கூடிய நேரத்தில் எடுங்கள். யுத்தத்தில் பிள்ளையைப் பறிகொடுத்த அம்மாமாருக்கு நான் எதையும் சிபாரிசு செய்வதில்லை. புட்டு வைத்த அந்த அம்மா மட்டும் ஒருநாள், இந்த எழுத்தாளர் எங்கட பக்கத்துப் பெடியன்தானே, வாசித்துக் காட்டுங்கோ என்றார். 'கொரில்லா'வில் ஊர் வரும் பக்கங்களை மட்டும் வாசித்தேன். இடையிடையே 'ம்' கொட்டிக்கொண்டிருந்தார்.