கட்டுண்ட உறுப்பும் கணிப்பொறியும்



உங்கள் வகுப்பறைக் கதவை ஒரு முறை தள்ளிப் பாருங்கள். அது திறக்கும், மூடும், வேறொன்றும் செய்யாது. எதனோடும் பிணைக்கப்படாத பலகைக்கோ ஆறு வகை அசைவுகள் உண்டு. நீளம், அகலம், உயரம் என்னும் மூன்று திசைகளில் நகர்தல் மூன்று; அத்திசைகளை அச்சாகக் கொண்டு சுழல்தல் மூன்று. கீலானது அவற்றுள் ஐந்தைத் தடுத்து ஒன்றை மட்டும் விட்டுவைக்கிறது. அந்த ஐந்து தடைகளால் அன்றோ பலகை கதவாயிற்று!

இவ்வுண்மையை நன்குணர்ந்தவர் ஜேம்ஸ் வாட். அவருடைய முந்தைய நீராவி எந்திரத்தில் பிஸ்டன் துலாவைக் கீழே இழுக்க மட்டுமே செய்தது. இரண்டையும் பிணைக்க ஒரு சங்கிலி போதுமானதாக இருந்தது. பின்னர்ப் பிஸ்டனின் இருபுறமும் நீராவியைச் செலுத்தியபொழுது, அது மேல்நோக்கித் தள்ளவும் வேண்டியதாயிற்று. சங்கிலி இழுக்கும், தள்ளுமோ? விறைப்பான தண்டால் பூட்டலாமென்றால், துலாவின் முனை வில்போல் வளைந்து செல்கிறது. பிஸ்டன் தண்டோ நேராகச் செல்ல வேண்டும். வாட் சில தண்டுகளை மூட்டுகளால் கோத்து, ஒன்றையொன்று கட்டுப்படுத்துமாறு அமைத்தார். அவ்வமைப்பின் ஒரு புள்ளி ஏறக்குறைய நேர்கோட்டில் இயங்கிற்று. இது நிகழ்ந்தது 1784-ஆம் ஆண்டில். தம் இயந்திரக் கண்டுபிடிப்புகளுள் இதனைக் குறித்தே மிகுந்த பெருமை கொள்வதாக அவர் முதுமையில் எழுதினார்.

இத்தகைய அமைப்புகளைத் தாளில் வரைந்தோர் பட்ட பாடு பெரிது. தாளுக்குக் கீலும் தெரியாது, மூட்டும் தெரியாது. ஒரு தண்டை இடம் மாற்றினால், அதனோடு இணைந்த கோடுகளையெல்லாம் அழித்து மீண்டும் வரைய வேண்டும். ஒன்றை மறந்தால் அப்பிழை பட்டறையில், உலோகத்தை அறுத்த பின்னரே வெளிப்படும்.

1963-இல் அமெரிக்காவின் மாசசூசெட்ஸ் தொழில்நுட்பக் கழகத்தில், ஐவன் சதர்லண்ட் என்னும் இளைஞர் 'ஸ்கெட்ச்பேட்' என்ற திட்டத்தைத் தம் ஆராய்ச்சிப் பட்டத்திற்காக அளித்தார். டி.எக்ஸ்-2 என்னும் கணிப்பொறியின் திரையில் ஒளிப்பேனாவால் கோணலான நாற்கோணம் ஒன்றை வரைந்து, அடுத்தடுத்த பக்கங்கள் செங்குத்தாக இருக்க வேண்டுமென்று பணித்தால், அது செவ்வகமாக மாறும். மூட்டுகளால் பிணைத்த தண்டுகளும் பிணைப்புக் குலையாமல் திரையில் அசைந்தன. எந்தப் புள்ளிக்கு இன்னும் அசைய இடமுண்டு என்று அத்திட்டம் முதலில் தேடும். பிறவற்றைக் குலைக்காமல் அதனை நகர்த்தும். அவ்வொழுங்கு கிட்டாவிடில், ஒவ்வொன்றையும் சிறிது சிறிதாக நகர்த்தி மொத்தப் பிழையைக் குறைத்துக்கொண்டே செல்லும். 1980-களின் இறுதி முதல், உறுப்புகளின் உறவை நினைவில் வைத்திருக்கும் வரைவுத் திட்டங்கள் தொழிற்சாலைகளிலும் பரவின.

என்னிடம் பயின்ற மாணவன் ஒருவன் பொறியியல் கல்லூரியிலிருந்து விடுமுறைக்கு வந்தபொழுது, தன் கணிப்பொறியை என்னிடம் காட்டினான். பல உறுப்புகளைக் கோத்து ஓர் எந்திரம் வரைந்திருந்தான். அதில் ஒரு தாங்கியை நகர்த்த முயன்றான், அது அசையவில்லை. பொறுமையிழந்து, அதன் கட்டுகள் அனைத்தையும் நீக்கிவிட்டுக் கண்ணளவில் வேண்டிய இடத்தில் வைத்தான். மறுநாள் அடித்தட்டின் துளையை ஓர் அங்குலம் தள்ளினான். துளை நகர்ந்தது, தாங்கி பழைய இடத்திலேயே அந்தரத்தில் நின்றது!

"தம்பி, ஒவ்வொரு கட்டும் நீ முன்பு எண்ணிய எண்ணமல்லவா? அனைத்தையும் அழித்தாயே!" என்றேன். பிறகு இருவரும் பொறுமையாக அமர்ந்தோம். துளையோடு அச்சைப் பொருத்திய கட்டையும், முகத்தோடு முகம் சேர்த்த கட்டையும் மீண்டும் இட்டோம். தாங்கியை முன்பு தடுத்தது அதன் தொலைவை நிலைநிறுத்திய மூன்றாவது கட்டு ஒன்றே என்பது தெரிந்தது. அந்த அளவை மட்டும் மாற்றினோம். தாங்கி தானே உரிய இடத்தில் சென்று அமர்ந்தது.

ஆகவே, மாணவர்களே, திரையில் ஓர் உறுப்பு அசைய மறுத்தால் சினம் கொள்ளாதீர்கள். அதனைக் கட்டியிருப்பது எது, அக்கட்டை இட்டது எதற்காக என்று முதலில் கேளுங்கள். விடை கிடைத்த பின்னர் அந்த ஒன்றை மட்டும் தளர்த்துங்கள்.